சின்ன காலேஜ், லேப் மட்டும் எப்படி?

பெயர் வேண்டாம், மதுரைப் பக்கம் இருக்கும் ஒரு சின்ன இன்ஜினியரிங் காலேஜ். முதல் வருஷ பிசிக்ஸ் லேப் உண்மையிலேயே நல்லாவே இருக்கு. இருட்டறையில் சோடியம் விளக்கைப் போட்டால் முதலில் சிவப்பாக எரிந்து சில நிமிடம் கழித்துத்தான் அந்த அடர் மஞ்சளுக்கு வரும், அதற்குள் லேப் அண்ணா ஒளியைப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரில், ஒளி நுழையும் ஸ்லிட்டை மெல்லிய கோடாக வைப்பது எப்படி என்று பொறுமையாகக் காட்டிவிடுவார். நெருக்கமான கோடுகள் போட்ட கிரேட்டிங் தகட்டை வைத்துக் கணக்குப் போட்டால் அந்த மஞ்சள் ஒளியின் அலைநீளம் 589.3 நானோமீட்டருக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. சின்ன தூரங்களை அளக்கும் டிராவலிங் மைக்ராஸ்கோப்பின் ஸ்க்ரூதான் தேய்ந்துவிட்டது. ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனால் சரி, கொஞ்சம் பின்னால் வந்தால் ரீடிங் போச்சு.

எலக்ட்ரானிக்ஸ் லேப் வேறு கதை. மின் அலையைத் திரையில் காட்டும் சிஆர்ஓவில் ஓடுகிற ஒன்றைச் சுற்றி ஐந்தாறு பேர், ஒருவன் திருப்புவான், மற்றவர்கள் பக்கத்து ரெகார்டைப் பார்த்து அலையை வரைவோம். சர்க்யூட்டைச் செருகிக் கட்டும் பிரெட்போர்டில் ஒயர் நிற்பதில்லை, சர்க்யூட் தப்பா போர்டு தப்பா என்று மல்டிமீட்டரை எடுத்தால் அதில் பேட்டரி இல்லை. பீஸில் மட்டும் லேப் கட்டணம் தனியாக உண்டு!

அட்மிஷன் சமயத்தில் லேப் காட்டுங்கள் என்றால் ஏசி போட்ட கம்ப்யூட்டர் லேப்புக்குத்தான் கூட்டிப் போவார்கள். எலக்ட்ரானிக்ஸ் லேப்பைத் திறக்கச் சொல்லுங்கள், ஒரு சிஆர்ஓவை ஆன் பண்ணியும் காட்டச் சொல்லுங்கள்.