பிஎச்பி-பிபியா, டிஸ்கோர்ஸா? நம்ம கடற்கரைக்கு எந்த ஃபோரம் தாங்கும்

பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை பக்கம் இப்போது எல்லாத் தகவலும் வாட்ஸ்அப் குரூப்பில்தான் ஓடுகிறது. நேற்று வந்த காற்று எச்சரிக்கை அதில் கிடைக்கும். தடைக்கால நிவாரணத்துக்கு என்னென்ன காகிதம் கேட்கிறார்கள் என்று போன ஏப்ரலில் ஒருவர் விளக்கமாக எழுதியது கிடைக்காது. போனை மாற்றினால் இருந்ததும் போச்சு. அதனால்தான் "நமக்குன்னு ஒரு ஃபோரம் போட்டுடலாம், ஓப்பன் சோர்ஸ்தானே, காசா பணமா" என்ற பேச்சு வருகிறது. ஃபோரம் என்றால் கேள்வியும் பதிலும் தலைப்புவாரியாகச் சேர்ந்து நிற்கும் இணையதளம்; பிஎச்பி-பிபி, டிஸ்கோர்ஸ் இரண்டும் அதை நடத்தும் இலவச மென்பொருள்கள். போடலாம். ஆனால் வசதிகளை எடைபோடும் முன்னால் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும்: நிறுவிக் கொடுக்கிற தம்பிக்கு ஆறு மாதத்தில் விசா வந்து துபாய்க்குக் கிளம்பிவிட்டால், அப்டேட் போடப்போவது யார்?

இது வீண் பயமில்லை. 2004 டிசம்பரில் சான்டி என்ற புழு, அதாவது தானாகவே பரவும் தீய நிரல், பிஎச்பி-பிபி தளங்களுக்குள் புகுந்து ஆயிரக்கணக்கான ஃபோரங்களை நாசம் செய்தது. அடுத்து எந்தத் தளத்தைத் தாக்கலாம் என்பதை அது கூகுளிலேயே தேடிக் கண்டுபிடித்ததால், கடைசியில் கூகுள் அந்தத் தேடலையே தடுக்க வேண்டிவந்தது. இதில் வேதனை என்னவென்றால், அது நுழைந்த பாதுகாப்பு ஓட்டையை அடைத்த 2.0.11 பதிப்பு ஒரு மாதம் முன்பே, நவம்பரிலேயே வெளியாகிவிட்டது. அதைப் போடாமல் விட்டவர்கள்தான் அடிபட்டார்கள். பழைய மென்பொருள் என்பதால் அப்படி என்று நினைத்தால், டிஸ்கோர்ஸும் தப்பவில்லை. 2021 அக்டோபரில் வெளியிலிருந்தே சர்வரில் கட்டளை ஓட்ட முடிகிற ஓட்டை ஒன்று அதில் வெளிப்பட்டது, ஆபத்து மதிப்பெண் பத்துக்குப் பத்து, 2.7.9 பதிப்பில் சரிசெய்தார்கள். ஆகவே பெயரை வைத்து இது பத்திரம், அது ஆபத்து என்று பிரிக்க முடியாது.

முதலில் பிஎச்பி-பிபி. 2000-இல் தொடங்கியது, இப்போது 3.3 வரிசையில் நிற்கிறது. பிஎச்பி மொழியும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும் இருக்கிற சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங் (பலர் பங்குபோடும் வாடகை சர்வர்) போதும், மாதம் சில நூறு ரூபாயில் முடியும். சர்வரே பக்கத்தை முழுதாகத் தயார் செய்து அனுப்புவதால் சிக்னல் ஒரு கோடு காட்டும் இடத்திலும் பழைய போனிலும் திறந்துவிடும், எனக்கு இது பெரிய விஷயம். பார்க்க அழகாக இருக்குமா என்றால், இருக்காது. 3.0 காலத்தில் கூடுதல் வசதி வேண்டுமென்றால் மூலக் கோப்புகளையே திருத்த வேண்டும், அப்புறம் அப்டேட் போட்டால் எல்லாம் பிய்ந்துகொண்டு வரும், அதற்குப் பயந்தே பலர் அப்டேட் பக்கம் போகவில்லை. 2014-இல் வந்த 3.1-இலிருந்து எக்ஸ்டென்ஷன்கள் (கூடுதல் வசதிக்கான துணை நிரல்கள்) தனியாக நிற்கின்றன, அந்தத் தலைவலி குறைந்தது. ஸ்பேமைத் தடுக்க கேள்வி-பதில் முறை உள்ளேயே இருக்கிறது: "வாடைக்காற்று எந்தத் திசையிலிருந்து வரும்?" என்று தமிழில் ஒரு கேள்வி வைத்துவிட்டால் கண்மூடித்தனமாகச் சுற்றும் ரோபோக்கள் வாசலிலேயே நின்றுவிடும். ஏஐ வைத்து வருபவற்றை இது நிறுத்தாது, அதற்கு முதல் சில பதிவுகளை நிர்வாகி பார்த்து அனுமதிக்கும் அமைப்பையும் சேர்த்துப் போட வேண்டும். குறை என்றால், இரட்டைக் காரணி உள்நுழைவு (கடவுச்சொல்லோடு போனில் வரும் எண்ணையும் கேட்பது) மையத் தொகுப்பில் கிடையாது, எக்ஸ்டென்ஷன்தான் தேட வேண்டும். அந்த எக்ஸ்டென்ஷனையும் யாராவது அப்டேட் செய்ய வேண்டும், இல்லையா.

டிஸ்கோர்ஸ் வேறு ரகம். 2013-இல் ஜெஃப் ஆட்வுட்டும் கூட்டாளிகளும் வெளியிட்டது. அதற்கு வேண்டிய ரூபி, போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் என்ற மென்பொருள்கள் எல்லாம் டாக்கர் என்ற ஒரே பெட்டிக்குள் கட்டி வரும். சொந்தமாக விபிஎஸ் (நமக்கென்றே ஒதுக்கிய வாடகை சர்வர்) வேண்டும், குறைந்தது 1 ஜிபி நினைவகம், கூடவே மெயில் அனுப்பும் சேவை ஒன்று. கொடுக்கிற விலைக்குப் பலன் இருக்கிறது, மறுக்கவில்லை. புதிதாக வந்தவர் எத்தனை லிங்க், எத்தனை படம் போடலாம் என்பதை நம்பிக்கை நிலைகள் தானாகவே கட்டுப்படுத்தும், பூஜ்யத்திலிருந்து நான்கு வரை. இரட்டைக் காரணி உள்ளேயே இருக்கிறது. பேக்கப் தானாக எடுக்கும். சிறு அப்டேட்டை நிர்வாகப் பக்கத்திலிருந்தே போடலாம், ஆனால் அவ்வப்போது எஸ்எஸ்எச் வழியே (தொலைவிலிருந்து கட்டளை அடித்து) சர்வருக்குள் போய் முழுப் பெட்டியையும் மறுபடி கட்டச் சொல்லும், அந்த நேரம் பார்த்து வட்டில் இடமில்லாமல் பாதியில் நின்றுவிட்டால் கறுப்புத் திரையைப் படித்துப் புரிந்துகொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் துபாயில் இருக்கிறான்!

போன் பக்கமும் ஒரு சிக்கல். டிஸ்கோர்ஸ் பக்கத்தைக் கட்டும் வேலையைப் பெரும்பாலும் பிரவுசரிடமே தள்ளிவிடுகிறது. ஆண்ட்ராய்டு போன்களில் ஜாவாஸ்கிரிப்ட் (பிரவுசருக்குள் ஓடும் நிரல்) திணறுகிறது என்று 2015-இல் ஆட்வுட்டே புலம்பி எழுதினார். போன்கள் இப்போது தேறிவிட்டன, ஆனாலும் மிகப் பழைய பிரவுசரில் படிக்க மட்டும் ஒரு எளிய பக்கம் வரும், பதில் போட முடியாது. இன்னொன்று வேடிக்கை: பதிவுக்குக் குறைந்தது 20 எழுத்து இருக்க வேண்டும் என்பது அதன் இயல்பு அமைப்பு. "சரிண்ணே" என்று பதில் போட்டால் ஏற்காது. நம்ம ஆட்களின் பாதிப் பதில் அதுதான், ஆகவே முதல் நாளே அந்த எண்ணைக் குறைத்துவிடுங்கள்.

படங்கள் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நாட்டுப்படகுக்காரர்களுக்கு இது பிழைப்புச் சமாச்சாரம். போனில் எடுத்த படத்துக்குள் இடக்குறிப்பு ஒளிந்திருக்கலாம். நல்ல மீன்பாடு கிடைத்த மகிழ்ச்சியில் கடலிலேயே எடுத்த படத்தை ஏற்றினால், எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) மீன் நின்றது என்பதை ஊருக்கே எழுதிக் கொடுத்த மாதிரி. டிஸ்கோர்ஸ் அந்தக் குறிப்புகளை இயல்பாகவே நீக்கிவிடுகிறது. பிஎச்பி-பிபியின் புதிய பதிப்புகளில் இணைப்புக் கோப்பு (அட்டாச்மென்ட்) அமைப்புகளுக்குள் அதற்கு ஒரு தேர்வு இருக்கிறது, தேடிப் போய் இயக்க வேண்டும். இந்த ஒரு இடத்தில் டிஸ்கோர்ஸுக்கே என் ஓட்டு.

மற்ற ஃபோரம் மென்பொருள்கள்? மைபிபி பழக எளிது, ஆனால் 1.8 வரிசை இன்னமும் கடவுச்சொல்லை உப்பு சேர்த்த எம்டி5-ஆகத்தான் வைக்கிறது, அதாவது எளிதில் உடைக்கக்கூடிய பழைய மறைப்பு முறையில். பிஎச்பி-பிபி 3.3 பயன்படுத்தும் பிகிரிப்ட், ஆர்கான்2 என்ற வலுவான முறைகள் முன்னால் அது நிற்காது, புதிதாகத் தொடங்குகிறவர் அதை எடுக்கக் காரணமே இல்லை. எஸ்எம்எஃப் 2.1 கவனிக்கத்தக்கது, 2022-இல் வந்தது, இரட்டைக் காரணி உள்ளேயே உண்டு, சாதாரண ஹோஸ்டிங்கிலும் ஓடும். ஆனால் அதன் மாட்கள் (கூடுதல் வசதி நிரல்கள்) பல இன்றும் மூலக் கோப்பில் கை வைக்கின்றன. ஃபிளாரம் பார்க்க அழகு, எடையும் குறைவு, ஆனால் அதை நிறுவவும் அப்டேட் செய்யவும் உதவும் கம்போசர் என்ற கருவி தெரியாதவர் தொட வேண்டாம்.

எந்த மென்பொருளானாலும் அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தே இறக்குங்கள், அங்கேயும், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிடுங்கள். 2011-இல் மைபிபியின் சொந்தத் தளத்திலேயே பின்கதவு (திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழி) வைத்த தொகுப்பு கிடந்தது. 2018 ஜனவரியில் பிஎச்பி-பிபியின் இறக்கச் சுட்டிகளும் சில மணி நேரம் தவறான கோப்பைக் காட்டின.

சங்கம், ஜமாத், பாசி எடுக்கும் பெண்களின் குழு என்று கணினி ஆள் நிரந்தரமாக இல்லாத இடங்களுக்கு என் சிபாரிசு பிஎச்பி-பிபி. எக்ஸ்டென்ஷன் ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம். டிஸ்கோர்ஸ்தான் வேண்டும் என்று மனசு கேட்டால், அதை நடத்தித் தருபவர்களிடம் பணம் கட்டி வாங்குங்கள், அல்லது சர்வர் தெரிந்த இரண்டு பேர், இரண்டும் வெவ்வேறு வீட்டுக்காரர்கள், பொறுப்பேற்கட்டும். டொமைனைச் சங்கத்தின் மெயிலில் பதியுங்கள், தம்பியின் மெயிலில் வேண்டாம். பேக்கப்பை அதே சர்வரில் வைக்காமல் மாதம் ஒருமுறை இறக்கி வையுங்கள், பிஎச்பி-பிபியில் தரவுத்தளத்தோடு அட்டாச்மென்ட் கோப்புறையையும் சேர்த்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் எழுத்து திரும்பி வரும், படம் வராது.