டைமரா, ரிமோட்டா: சில வருடப் பழக்கத்தில் தெரிந்தது

வீட்டு விசேஷங்களில் படம் எடுப்பவரும் படத்தில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்காகவே நிக்கான் டி5300 கேமராவோடு எம்எல்-எல்3 ரிமோட்டையும் வாங்கினேன். பட்டனை அமுக்கிச் சில விநாடி கழித்துத் தானே படமெடுக்கும் கேமரா டைமரையும் இந்த ரிமோட்டையும் சில வருடம் மாற்றி மாற்றிப் பயன்படுத்திவிட்டுச் சொல்கிறேன்: ஆட்களை எடுக்க ரிமோட், அருவியையும் மலையையும் எடுக்க டைமர்.

இந்தக் கேமராவில் டைமரை 2, 5, 10, 20 விநாடிகளுக்கு வைக்கலாம். குடும்பப் படத்துக்கு 10 போதும் என்று தோன்றும். பட்டனை அமுக்கிவிட்டு, தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைத் தாண்டிப் பின்வரிசைக்குப் போய் வேட்டியைச் சரிசெய்வதற்குள் ஷட்டர் அடித்துவிடும். 20 வைத்தால் சிரித்த முகமெல்லாம் களைத்துப்போகும், "எடுத்தாச்சா?" என்று பெரியம்மா வாய் திறக்கும்போதுதான் படம் விழும். அப்புறம் ஃபோகஸ். பட்டனை அமுக்கும்போதே அது முடிந்துவிடுவதால், கேமராவுக்குப் பின்னால் நின்றுதான் அமுக்க வேண்டும். முன்னால் நின்று அமுக்கினால் நம் சட்டையில் ஃபோகஸ் ஆகிவிடும். ஒரே அமுக்கில் 9 படம் வரை எடுக்க வைக்க முடிவது மட்டும் பெரிய உதவி. கூட்டத்தில் யாராவது ஒருவர் கண்ணை மூடத்தானே செய்கிறார்?

ரிமோட்டில் இந்த அவசரமே இல்லை. எல்லாரும் தயாரான பிறகு அமுக்கினால் போதும். உடனே எடுக்கும் முறை, 2 விநாடி கழித்து எடுக்கும் முறை என்று இரண்டு உண்டு. எனக்குப் பிடித்தது இரண்டாவது. கேமராவின் முன்விளக்கு எரியும் அந்த இடைவெளியில் கையை அண்ணன் முதுகுக்குப் பின்னால் மறைத்துவிடலாம். நான் முதலில் உட்கார்ந்திருப்பவர் மேல் ஃபோகஸ் செய்து, அது மாறிவிடாதபடி லென்ஸை மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றி, லென்ஸ் துளையைச் சற்றுச் சிறிதாக்கி எஃப்/8 வைத்துவிடுவேன். இரண்டு வரிசையும் தெளிவாக விழும்.

ஆனால் இது அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்வது, எட்டும் தூரம் சுமார் 5 மீட்டர்தான். நம் முதுகுப்பக்கம் வெயில் இருந்து கேமராவின் முகத்தில் அடித்தால் சில நேரம் கேட்காது. வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறதே. இன்னொன்று, ரிமோட் முறை வழக்கமாக 1 நிமிடம்தான் காத்திருக்கும். தாத்தாவைக் கூப்பிட்டு உட்காரவைப்பதற்குள் அது முடிந்துவிடும். செட்டிங்கில் போய் 15 நிமிடமாக்கிவிடுங்கள்.

குற்றாலம் ஐந்தருவியில் தண்ணீரைப் பாலாக வழியவைக்க அரை விநாடி ஷட்டர் வைக்கிறேன். அங்கே கேமரா பக்கத்திலேயே நிற்பதால் ரிமோட் தேவையில்லை. 2 விநாடி டைமர் போதும், விரல் பட்ட அதிர்வு அதற்குள் அடங்கிவிடும். வியூஃபைண்டரில் கண் வைக்காதபோது அதைச் சின்ன மூடியால் மூடுவது முக்கியம். பின்னாலிருந்து புகும் வெளிச்சம் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, மாற்றிவிடும். கொடைக்கானலில் இரவு வானத்தை எடுக்கும்போது மட்டும் மறுபடி ரிமோட்டுக்குப் போகிறேன். கேமராவை மேனுவல் (எம்) முறையில் வைத்து, ஷட்டர் நேரத்துக்கு 'டைம்' வைத்தால், ரிமோட்டின் ஒரு அமுக்கில் ஷட்டர் திறக்கும், மறு அமுக்கில் மூடும். இதை டைமரால் செய்ய முடியாது.

பேட்டரி சிஆர்2025. வாட்ச் கடையில் கிடைக்கும். ரிமோட் வேலை செய்கிறதா என்று சந்தேகம் வந்தால் செல்போனின் செல்ஃபி கேமராவுக்கு நேரே நீட்டி அமுக்கிப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் முனையில் வெளிர் ஊதா ஒளி மின்னும். மின்னவில்லை என்றால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.