சிலிகா ஃப்யூமா, ஃப்ளை ஆஷா?

கான்கிரீட்டில் சிமெண்ட்டோடு சேர்க்கும் இவை இரண்டும் ஆலைக் கழிவுகள்தான். ஃப்ளை ஆஷ், மேட்டூர், தூத்துக்குடி போன்ற அனல்மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பல். சிலிகா ஃப்யூம், சிலிக்கான் உலோக உலைகளின் புகையிலிருந்து வடிகட்டப்படுவது; சிமெண்ட் துகளைவிட ஏறத்தாழ 100 மடங்கு நுண்ணியது. அதனால் இடுக்குகளை அடைத்து, சிமெண்ட் வெளிவிடும் சுண்ணாம்பையும் சீக்கிரமே பிணைப்புப் பொருளாக்கிவிடும். சிமெண்ட் எடையில் 5 முதல் 10 சதவீதம் சேர்த்தாலே வலிமை ஏறும். கம்பியை அரிக்கும் உப்பு உள்ளே நுழைவது வெகுவாகக் குறையும். ஆனால் சிலிகா ஃப்யூம் தண்ணீரை இழுக்கும், சூப்பர் பிளாஸ்டிசைசர் (தண்ணீரைக் கூட்டாமலே கலவையை இளக்கும் ரசாயனம்) இல்லாமல் கலவை இறுகிவிடும். மேற்பரப்பில் நீர் கசிந்து நிற்காததால் வெயிலில் சட்டென்று வெடிப்பு விடும். போட்ட உடனே ஈரம் காப்பது கட்டாயம்.

ஃப்ளை ஆஷ் கலவையை இளக்கும், சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது எழும் வெப்பத்தைக் குறைக்கும், வலிமை மெதுவாக வரும். சாதாரண வீட்டுக்கு அதுவே தாராளம். கடலோரப் பாலத்துக்கு சிலிகா ஃப்யூமுக்குச் செலவழிப்பதுதான் நியாயம்.