ரியோகானில் கவரா, கடலை மிட்டாயா?

ஜப்பானில் சாப்பாட்டுக் கடையிலும் டாக்ஸியிலும் டிப்ஸ் வைப்பதில்லை. அதில் அலச ஒன்றுமில்லை. மேஜையில் 500 யென் காசை விட்டுவிட்டு எழுந்தால், மறந்துவிட்டுப் போகிறீர்கள் என்று பின்னாலேயே எடுத்துக்கொண்டு ஓடிவருவார்கள். குழப்பமெல்லாம் ரியோகான் என்கிற பழைய பாணி விடுதியில்தான். அறைக்கே சாப்பாடு கொண்டுவந்து, படுக்கையும் விரித்துக் கொடுக்கும் நக்காய்-சான் என்கிற பணிப்பெண்ணைப் பார்த்தால் நமக்குக் கை சும்மா இருக்காது.

அங்கே பணம் கொடுக்கவும் ஒரு முறை உண்டு, கொக்கொரோஸுகே. கசங்காத நோட்டாக 1,000 முதல் 3,000 யென் வரை போச்சிபுகுரோ என்ற குட்டிக் கவரில் போட்டு, அறைக்குள் வந்ததுமே இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். பில்லிலேயே சேவைக் கட்டணம் சேர்ந்துவிடுவதால் இப்போது கட்டாயமில்லை.

முதல் தடவை ஹக்கோனேயில் கவர்தான் கொடுத்தேன், 2,000 யென். அந்த அம்மா மண்டியிட்டபடி இரண்டு முறை மறுத்துவிட்டுத்தான் வாங்கினார். மறுநாள் கிளம்பும்போது என் கையில் ஒரு பொட்டலம். பிரித்தால் இரண்டு தெனுகுய் துண்டு! வாங்கியதற்குத் திருப்பிச் செய்வது அங்கே ஒகாஎஷி; பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி மதிப்பு வரை செய்வார்கள். நம் ஊர் மொய்க் கணக்குதான். நன்றி சொல்லப்போய் அவருக்குச் செலவு வைத்துவிட்டேனே என்று ரயிலில் உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த முறை தகயாமாவுக்குக் கோவில்பட்டி கடலை மிட்டாய் கொண்டுபோனேன். "ஊரிலிருந்து கொண்டுவந்தது, எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றதும் மறுபேச்சில்லாமல் பெட்டி உள்ளே போனது. ஒருவர் தலையில் விழாமல் பத்துப் பேருக்குப் பிரிந்துவிடுவதால் கணக்கும் கரைந்துவிடுகிறது. எனக்கு இது ஒன்றே போதும். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் இருக்கட்டும். உடைத்துத் தின்னும் பாளம் அங்கே சரிப்படாது. வேர்க்கடலை என்று ஜப்பானிய மொழியில் ஒரு சீட்டும் ஒட்டிவிடுங்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கலாம்.

ஒரே ஒரு தடவை செய்து பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன். வயதானவர்களைக் கூட்டிப்போய், வழக்கத்தைவிட அதிகம் வேலை வாங்கினால் கவரே மரியாதை என்றும் தோன்றுகிறது.

மிச்சமிருந்த கவர்கள் பொங்கலுக்குப் பிள்ளைகளுக்குக் காசு வைத்துக் கொடுக்க உதவின. ஜப்பானிலும் புத்தாண்டுக்குக் குழந்தைகளுக்கு அதில்தான் போட்டுக் கொடுக்கிறார்கள்.