வாக்கா, ஒருமித்த சம்மதமா, குலுக்கலா: தோற்றவர் எதை ஏற்பார்?

ஒரு குழு முடிவெடுக்கும் முறை நியாயமானதா என்று ஜெயித்தவர்களிடம் கேட்டுப் பயனில்லை. தோற்றவர் "பிடிக்கவில்லை, ஆனாலும் சரி, கட்டுப்படுகிறேன்" என்பாரா? அதுதான் கேள்வி.

பெரும்பான்மை வாக்கெடுப்பு வேகமானது, கணக்கும் எல்லோருக்கும் புரியும். இன்று தோற்றவருக்கு நாளை ஜெயிக்கலாம் என்ற நம்பிக்கை இருக்கும்வரை பிரச்சினை இல்லை. எப்போதும் ஒரே தரப்பு தோற்றால், அவர்களுக்கு வாக்குச்சீட்டு வெறும் சடங்கு. அப்புறம், எதை முதலில் வாக்குக்கு விடுவது? மூன்று யோசனைகள் இருந்தால் முதலாவதை இரண்டாவதும், இரண்டாவதை மூன்றாவதும், மூன்றாவதை முதலாவதும் வெல்லக்கூடும் என்று 1785-லேயே பிரெஞ்சுக் கணித அறிஞர் கோந்தோர்சே காட்டிவிட்டார். அப்படிப்பட்ட இடத்தில் வரிசையைத் தீர்மானிப்பவர் கையில்தான் முடிவு இருக்கும்.

ஒருமித்த சம்மதம் கேட்க நன்றாக இருக்கும். பழைய போலந்து நாடாளுமன்றத்தில் ஒரே ஓர் உறுப்பினர் மறுத்தாலும் கூட்டத்தொடர் முழுவதும் வீண். 1652-ல் தொடங்கிய இந்தக் கூத்தை 1791 அரசியலமைப்புதான் ஒழித்தது. சிறு குழுக்களிலோ நேரமும் பிடிவாதமும் உள்ளவர் பேசிக்கொண்டே இருப்பார், மற்றவர்கள் களைத்துப்போய்த் தலையாட்டுவார்கள். அதுவும் சம்மதம் என்றே பதிவாகும்! இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் வழி எனக்குப் பிடிக்கிறது. எல்லோரும் உடன்பட வேண்டியதில்லை. எழுந்த ஆட்சேபத்தைப் பரிசீலித்துப் பதில் சொல்லியாக வேண்டும். (கைதூக்குவதற்குப் பதிலாக 'ம்ம்ம்' என்று ஒலி எழுப்பி ஆதரவு காட்டும் வழக்கமும் அங்கே உண்டு.) தன் வாதம் காதில் விழுந்தது என்று தெரிந்தால், தோற்றவரின் கோபம் பாதி தணிந்துவிடும். மூன்றில் இதற்கே என் ஓட்டு.

குலுக்கல் என்றால், சாதாரணக் குடிமக்களில் சிலரைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்து, அவர்களை விவாதித்து முடிவு சொல்லவைப்பது. இதில் பிரச்சாரமும் இல்லை, பதவி ஆசையும் இல்லை. ஆனால் அந்தக் குழுவுக்குள் இருந்தவர்களுக்கு வந்த தெளிவு வெளியே இருப்பவர்களுக்கு வராது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2004-ல் குலுக்கலில் தேர்வான குடிமக்கள் பல மாதம் படித்து, விவாதித்து, புதிய தேர்தல் முறையைப் பரிந்துரைத்தார்கள். அடுத்த ஆண்டு பொதுவாக்கெடுப்பில் அதற்கு 57.7% ஆதரவு, தேவைப்பட்டதோ 60%. அயர்லாந்தில் குலுக்கலில் வந்த 99 பேர் கருக்கலைப்புத் தடையை நீக்கச் சொன்னார்கள். 2018 பொதுவாக்கெடுப்பில் 66.4% பேர் ஆமோதித்தார்கள். இரண்டு இடங்களிலும் கடைசிச் சொல்லைக் குலுக்கலிடம் யாரும் விடவில்லை.