அம்மாவின் 'சரி'யைப் புரிந்துகொண்ட சிஸ்டர்கள்

பக்கவாதத்தில் அம்மாவுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய், மிஞ்சியது 'சரி' என்ற ஒரு சொல்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஆறு வாரம் ஒரு மறுவாழ்வு மையத்தில் இருந்தோம். அங்கே சிஸ்டர்கள் அம்மாவைப் பார்த்துக்கொண்ட விதத்தைப் பற்றி எழுதுகிறேன்.

முதல் நாள் வந்த சிஸ்டர், ஸ்டூலை இழுத்துப் போட்டு அம்மாவின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார். "வலிக்குதா?" என்று கேட்டார். "சரி." "வலிக்கலையா?" "சரி." அதுவரை நாங்கள் எல்லோருமே முதல் 'சரி'யைக் கேட்டதும் நகர்ந்துவிடுவோம். அவர் அம்மாவின் இடது கையைப் பிடித்து, கட்டைவிரல் மேலே என்றால் ஆமாம், கீழே என்றால் இல்லை என்று பழக்கினார். புரிகிறதா என்று சோதிக்க, "நீங்க டீச்சரா?" என்றார். விரல் மேலே. என்னைக் காட்டி, "இவங்க உங்க அக்காவா?" என்றார். விரல் கீழே போனது, அம்மா சிரித்துவிட்டார். எத்தனை நாள் கழித்து வந்த சிரிப்பு அது! அப்புறம்தான் வலது தோளில் வலி என்று தெரிந்தது. தளர்ந்த கையைப் பிடித்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவிவிடுமாம். நாங்கள் தினமும் அதைத்தான் செய்திருக்கிறோம்.

என்ன இலக்கு வைக்கலாம் என்பதையும் அம்மாவிடமே கேட்டார்கள். நடை என்றுதான் நான் நினைத்திருந்தேன். படங்களைக் காட்டியபோது அம்மா தொட்டது கழிவறையை. துணையில்லாமல் போய்வர வேண்டும், அவ்வளவுதான். அன்றிலிருந்து கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கழிவறை என்று எல்லாப் பயிற்சியும் அதை நோக்கியே போனது. சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். அதற்கு இருபது நிமிடம் ஆகும். நான் கை நீட்டினால், "டீச்சரே முடிக்கட்டும்" என்று தடுத்துவிடுவார்கள். திரும்பத் திரும்பச் செய்தால்தான் மூளை புது வழியைப் பழகும் என்றார்கள். ஐந்தாவது வாரம், சிஸ்டர் வெளியே காத்திருக்க, அம்மா தானே கதவைச் சாத்திக்கொண்டார்.

குறையும் உண்டு. இரவில் ஆட்கள் குறைவு. விழுங்குவதில் சிரமம் இருந்ததால் அம்மாவுக்குத் தண்ணீரில் அதற்கான பொடியைக் கலந்து, கூழ் மாதிரி கெட்டியாக்கித்தான் தர வேண்டும். இல்லையென்றால் மூச்சுக்குழாயில் போய் நிமோனியா வரலாம். ஓர் இரவு அவசரத்தில் வெறும் தண்ணீரைக் கொடுத்துவிட்டார்கள். அம்மா இருமி இருமித் தவித்துப்போனார். புகார் சொன்ன மறுநாளே கட்டிலின் தலைமாட்டில் குறிப்பு ஒட்டினார்கள். ஷிப்ட் மாறும்போது விவரம் சொல்வதையும் அம்மாவின் பக்கத்தில் நின்றே செய்ய ஆரம்பித்தார்கள்.

வீட்டு ஆட்களுக்கான பயிற்சியைக் கடைசி இரண்டு நாளில் திணித்தது எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் இப்படி ஓர் இடத்தில் சேர்த்தால், முதல் வாரமே உங்களுக்கும் கற்றுத்தரச் சொல்லிக் கேளுங்கள். ராத்திரி யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் சேரும் முன்பே விசாரித்துவிடுங்கள்.