பம்ப் மாற்றாமலே பம்புக்குப் பில்: வீட்டில் சர்வீஸ் பார்த்த பைக்கை ஒர்க்‌ஷாப்பில் விடும் முன் படியுங்கள்

குளச்சல் பக்கம் ஓடும் வண்டி. 125 சிசி, பிஎஸ் 6, ஃபியூவல் இன்ஜெக்‌ஷன். மழை பிடிக்கும் முன் வீட்டிலேயே ஆயில், பிளக், ஏர் ஃபில்டர் மூன்றும் பார்த்திருக்கிறார்கள். ஃபில்டருக்குக் கை நுழைய டேங்கின் பின்பக்க போல்டைக் கழற்றிக் கொஞ்சம் தூக்க வேண்டிய மாடல் அது. எல்லாம் பூட்டிச் சாவி போட்டால் மீட்டரில் விளக்கு வருகிறது, செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. லோடு ஆட்டோவில் ஏற்றி நாகர்கோவிலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டார்கள். மறுநாள் வந்த பதில்: "வீட்டுல கை வச்சீங்கல்லா, ஷார்ட் ஆகி பம்ப் போயிட்டு."

பில் இப்படி: ஃபியூவல் பம்ப் அசெம்பிளி 4,850, லேபர் 600, இசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் எலெக்ட்ரானிக் பெட்டி) ரீசெட் 800, இதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 1,125. மொத்தம் 7,375 ரூபாய். பழைய பம்பைக் கேட்டதற்கு "கம்பெனிக்கு அனுப்பியாச்சு" என்றார்கள்.

பன்னிரண்டு நாளில் அதே கோளாறு. இந்த முறை வேறு இடத்தில் டேங்கைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தார்கள். டேங்குக்கு அடியில் பம்பைப் பிடித்திருக்கும் நட்டுகளைச் சுற்றிச் செம்மண் தூசி அப்படியே படிந்து இறுகியிருந்தது. நட்டின் மேல் கம்பெனியில் வைத்த மஞ்சள் பெயிண்ட் குறி கொஞ்சமும் விலகவில்லை. ஸ்பேனர் படாத நட்டு அது. பம்ப் மாறவே இல்லை.

உண்மையான கோளாறு பம்புக்கு வரும் வயர் கப்ளரில், அதாவது வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் மாட்டியில் இருந்தது. டேங்கைத் தூக்கியபோது வயர் இழுபட்டு, லாக் பாதி விடுபட்டு நின்றிருக்கிறது. உள்ளே இருக்கும் உலோகப் பின் ஒன்று பச்சை பூத்திருந்தது. கடலோரக் காற்றில் இது சாதாரணம். முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி பக்கத்து வண்டிகளில் பித்தளையும் செம்பும் இருக்கும் இடமெல்லாம் இப்படிப் பூக்கும். முதல் ஒர்க்‌ஷாப்பில் கப்ளரை அழுத்தி மாட்டியிருப்பார்கள், வண்டி ஸ்டார்ட் ஆகியிருக்கும். பின்னைச் சுத்தம் செய்யாததால் தொடர்பு மறுபடியும் விட்டது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பின்னை லேசாக நெருக்கி, சிலிக்கான் கிரீஸ் தொட்டு மாட்டியதோடு வேலை முடிந்தது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

இந்த ஏமாற்று பலிப்பதற்குக் காரணம் நம்முடைய குற்ற உணர்வு. "நான்தான் கை வைத்தேன்" என்று ஒத்துக்கொண்டவரிடம் எந்தச் சாமான் போனதாகச் சொன்னாலும் நம்பிவிடுவார். நேற்றுவரை ஓடிய வண்டி, ஆயிலும் பிளக்கும் மாற்றியதால் திடீரென்று பம்பும் இசிஎம்மும் இழப்பது மிக அபூர்வம். கோளாறு பெரும்பாலும் உங்கள் கை பட்ட இடத்தில், அல்லது அதற்கு ஒரு சாண் பக்கத்தில்தான் இருக்கும். அதனால் வண்டியை ஏற்றி அனுப்பும் முன், செய்த வேலையைக் கடைசியிலிருந்து தொடக்கம்வரை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

முதலில் காதால் கேளுங்கள். இன்ஜின் ஸ்டாப் சுவிட்ச் ரன்னில் இருக்க வேண்டும். சாவி போட்டதும் டேங்குக்குள் சுமார் இரண்டு விநாடி "ஸ்ஸ்ஸ்" என்று பம்ப் ஓடி நிற்கும். அந்தச் சத்தம் வந்தால் பம்புக்குக் கரண்ட் போகிறது, மோட்டாரும் சுற்றுகிறது. வராவிட்டால் உடனே பம்பைப் பழி சொல்லாதீர்கள். ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். அடுத்து பம்ப் கப்ளரைக் கழற்றி, வண்டிப் பக்கத்து முனையில் மல்டிமீட்டரை வைத்துச் சாவி போடுங்கள். பம்ப் வயரில் இரண்டு விநாடி 12 வோல்ட் அளவில் காட்டி, கப்ளர் மாட்டியும் பம்ப் ஓடவில்லை என்றால்தான் பம்பின் மேல் சந்தேகம் வர வேண்டும். வோல்ட்டே வரவில்லை என்றால் புதுப் பம்ப் போட்டாலும் அது ஓடாது. ஒர்க்‌ஷாப்பில் "பம்ப் போச்சு" என்று சொன்னால் இந்த ஒரு சோதனையை உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. மறுக்கிறவரிடம் வண்டியை விட வேண்டாம்.

மல்டிமீட்டர் 500 ரூபாய்க்குள் கிடைக்கும். ஒரு சாமான் மிச்சமானாலே அந்தக் காசு திரும்பி வந்துவிடும். ஆனால் பெட்ரோல் குழாயை மட்டும் அவசரப்பட்டு உருவாதீர்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் அந்தக் குழாயில் ஏறத்தாழ 3 பார் அழுத்தம் நிற்கும், கண்ணில் பீய்ச்சி அடிக்கும்.

பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தால் டெர்மினல் போல்ட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள், அசையக் கூடாது. செல்ஃப் அழுத்தும்போது டிக் டிக் என்று சத்தம் வந்து மீட்டர் அணைந்து எரிந்தால் லூஸ் டெர்மினல் அல்லது இறங்கிய பேட்டரி. வண்டி நிற்கும்போது 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே போனால் சார்ஜ் போட வேண்டும். ஸ்டார்ட் ஆகி ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறினால் சார்ஜிங் ஒழுங்காக இருக்கிறது. ரெகுலேட்டர், காயில் மாற்ற வேண்டும் என்று யாராவது எழுதினால் கேள்வி கேளுங்கள். கழற்றும்போது நெகட்டிவை முதலில், மாட்டும்போது நெகட்டிவைக் கடைசியில். இதை மாற்றிச் செய்து ஸ்பேனர் ஃபிரேமில் பட்டால் பேட்டரி நேராக ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும்.

ஸ்டார்ட் ஆகிறது, ஐடில் (ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) நிலைக்காமல் ஏறி இறங்குகிறது என்றால், இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைச் சுற்றி வரும் மெல்லிய ரப்பர் ஹோஸ்களைப் பாருங்கள். பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் டப்பாவான கேனிஸ்டருக்குப் போகும் ஹோஸ் ஏர் பாக்ஸை அசைக்கும்போது சத்தமில்லாமல் கழன்றுவிடும். இன்ஜின் விளக்கு எரிந்தாலோ சிமிட்டினாலோ சென்சார் கப்ளர் ஒன்று மாட்டாமல் கிடக்கலாம். பல வண்டிகளில் அந்தச் சிமிட்டலின் எண்ணிக்கையே கோளாறின் எண். செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள், பிறகு பேச்சு மாறாது.

மிஸ்ஃபயர் (இன்ஜின் விட்டுவிட்டு எரிந்து திணறுவது) என்றால் பிளக் கேப் முழுதாக உட்காரவில்லை, அல்லது கழுவியபோது பிளக் குழியில் தண்ணீர் நிற்கிறது. பிளக்கை முதலில் விரலால் சுற்றி உட்கார வைத்து, பிறகே ஸ்பேனர். புதுப் பிளக்குக்கு அதன்பின் கால் முதல் அரைச் சுற்று போதும். ஆரம்பத்திலேயே ஸ்பேனர் போட்டு மரை அறுந்தால் அது நிஜமான செலவு, ஹெட்டைக் கழற்ற நேரலாம்.

ஏர் ஃபில்டரில் ஒரு தவறு இங்கே நிறையப் பேர் செய்கிறார்கள். எண்ணெய்ப் பசையோடு வரும் விஸ்கஸ் காகித ஃபில்டரைப் பெட்ரோலில் கழுவவும் கூடாது, காற்று அடிக்கவும் கூடாது. அழுக்கானால் மாற்றுவதுதான். பஞ்சு ஃபில்டர் வேறு கதை, அதைக் கழுவலாம்.

ஆயில் மாற்றியபின் வண்டி இழுக்கவில்லை, இன்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. பிளேட் செட் மாற்றச் சொல்வார்கள். அதற்கு முன் இரண்டைப் பாருங்கள். கிளட்ச் லிவரில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ஃப்ரீ பிளே, அதாவது கேபிள் இழுபடும் முன் லிவர் சும்மா அசையும் தூரம், இருக்க வேண்டும். ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 (MA2) என்று இருக்க வேண்டும். கார் ஆயிலோ ஸ்கூட்டருக்கான எம்பி ஆயிலோ ஊற்றினால் ஆயிலில் நனைந்து ஓடும் கிளட்ச் வழுக்கத்தான் செய்யும். ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டினால் இன்ஜின் ஆவி வெளியேறும் பிரீதர் குழாய் வழியாக ஏர் பாக்ஸுக்குள் தள்ளும், புகை வரும். அதைப் பார்த்து "ரிங் போச்சு", அதாவது பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்பார்கள். கூடுதல் ஆயிலை வடித்து, நனைந்த ஃபில்டரையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒர்க்‌ஷாப் போக வேண்டி வந்தால், விடும் முன் கிலோமீட்டர், பம்ப் நட்டு, பேட்டரி நம்பர் மூன்றையும் போட்டோ எடுங்கள். சாமானில் பெயிண்ட் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். என்ன மாற்றினாலும் போனில் கேட்ட பிறகே மாற்ற வேண்டும், கழற்றிய பழைய சாமானும் புதுச் சாமானின் அட்டைப்பெட்டியும் கையில் வர வேண்டும் என்று வண்டியை விடும்போது வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டிலேயே எழுத வையுங்கள்.

மேலே சொன்ன பில்லில் இன்னொரு திருட்டும் இருந்தது. 4,850 என்பது அந்தப் பம்பின் எம்ஆர்பி. எம்ஆர்பி என்றாலே எல்லா வரியும் சேர்ந்த விலை. அதன் மேல் மறுபடியும் 18 சதவீதம் போட்டு, பம்புக்கு மட்டும் 873 ரூபாய் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள். லேபருக்கு ஜிஎஸ்டி தனியாகப் போடலாம், எம்ஆர்பி சாமானுக்குப் போட முடியாது.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யுங்கள். தீரவில்லை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பில், ஜாப் கார்டு, ஸ்பேனர் படாத அந்த நட்டின் போட்டோ மூன்றையும் சேர்த்து வையுங்கள். இரண்டாவது மெக்கானிக்கிடம் என்ன கோளாறு கண்டார் என்று தேதி போட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அதுவரை டேங்கின் அடியைத் துடைக்க வேண்டாம்.